சாணக்யபுரியில் ஒரு குட்டி ராஜ்தூத்

மார்ச் எண்ட் ஆணியெல்லாம் ஒருவழியாகப் பிடுங்கி முடித்தாச்சு மக்களே. ஆடிட்டர் கிளம்பிய கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். வழக்கம்போல கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். யாரோ வீடு காலி செய்யும்போது கராஜ் சேலில் வாங்கிய குட்டி மோட்டார் சைக்கிள். முழங்கால் உயரம்தான் இருக்கும். ஆனால் ஹேண்டில்பார் மட்டும் ஆகாயத்தைப் பார்க்கிறது. சீனத்தயாரிப்பு, 49 சிசி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யணும். 2004, 2005 வாக்கில் அமெரிக்காவில் இந்த "மினி சாப்பர்"கள் பொம்மை மாதிரி மலிவாக விற்றன. பத்து நாள் ஓடும், பதினோராம் நாள் செயின் கழன்றுவிடும். பையன் அதைப் பிரித்துப்போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறான். "மாமா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு உண்டா?" என்று கேள்வி.

இல்லாமலா? என் வீட்டு பால்கனியிலேயே ஒன்று நிற்கிறதே! மாவு கிரைண்டருக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில், பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு. அதன் பேர் ராஜ்தூத் ஜிடிஎஸ் 175. ஊர் வைத்த பேர் பாபி. அதன் கதைதான் இன்றைக்கு.

முதலில் சாப்பர் என்றால் என்ன என்று ஒரு வரி. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், கனமான ஹார்லி வண்டிகளில் மட்கார்டு, கேரியர் என்று வேண்டாததை எல்லாம் வெட்டி எறிந்தார்கள். மட்கார்டைக் குட்டையாக நறுக்கிய வண்டிக்கு "பாபர்" என்று பேர். அதற்கடுத்து இன்னும் வெட்டி, முன்பக்கத்தை நீட்டி, ஹேண்டில்பாரை உயர்த்தியது "சாப்பர்". 1969இல் வந்த ஈஸி ரைடர் படம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குட்டி வண்டியின் கதை வேறு. போரில் பாராசூட்டோடு இறக்குவதற்காகப் பிரிட்டன் செய்த வெல்பைக் 98 சிசிதான், மடித்து உருளைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். 1961இல் ஹோண்டா, டோக்கியோ பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்காகச் செய்த குட்டி வண்டியில் பெரியவர்கள் உட்கார்ந்தால் குரங்கு மாதிரி இருந்ததாம், அதனால் மங்கி என்றே பேர் நின்றுவிட்டது. பெரியவர் கைவைக்கும் உயரத்தில் ஹேண்டில், குழந்தை விளையாடும் அளவில் சக்கரம்: இந்த இரண்டும் சேர்ந்தால் மினி சாப்பர். ஹார்லியை வெட்டும் அளவுக்கு நம்மிடம் ஏது ஹார்லி என்கிறீர்களா? தில்லியில் இருந்தது!

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய 750 சிசி ஹார்லிகளையும் இந்தியன் மோட்டார் சைக்கிள்களையும் ஏலத்தில் எடுத்து, பின்பக்கத்தை வெட்டி, இரண்டு சக்கரமும் பெஞ்சும் கூண்டும் மாட்டினார்கள் தில்லி மெக்கானிக்குகள். பெரும்பாலும் பிரிவினையில் எல்லாம் இழந்து வந்த பஞ்சாபிகள். கனாட் பிளேசிலிருந்து கரோல்பாக், செங்கோட்டைப் பக்கம் எல்லாம் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடியது. சத்தத்தை வைத்து பட்பட்டி என்று பேர். எஞ்சின் தேய்ந்த பிறகு ஜெனரேட்டரில் வரும் டீசல் எஞ்சினை எல்லாம் மாட்டி ஓட்டினார்கள். ஐம்பது வருஷம் உழைத்தபின் 1998இல், பழைய வணிக வாகனங்களை நீக்கும் உச்ச நீதிமன்ற உத்தரவில் ஓய்ந்தது. நான் தில்லி வந்தது 2011இல். அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்கள் கிளை சாணக்யபுரியில். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1950களில் தூதரகங்களுக்கென்றே தில்லியின் தென்மேற்கில் ஒதுக்கிய பேட்டை இது. அர்த்தசாஸ்திரம் எழுதியவர் பேரில் ஊர், அவருடைய இன்னொரு பேரில் கௌடில்ய மார்க், அந்த ரோட்டில் நம் தமிழ்நாடு இல்லம். நடுவில் ஓடும் அகலமான சாந்திபத் சாலையின் இரண்டு பக்கமும் நாட்டுக்கு ஒரு கட்டிடம், ஒரு கொடி. ஹிந்தியில் ராஜ்தூத் என்றால் தூதர். அதாவது எங்கள் பேட்டையில் தடுக்கி விழுந்தால் ராஜ்தூத்தின் மேல்தான் விழணும் :-)

2012 நவம்பர். பென்ஷன்காரர்கள் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சான்றிதழ் கொடுக்கும் மாதம். கவுண்டரில் கூட்டம் அலைமோதும். வரிசையில் வந்த பெரியவர் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்தூரு?" என்றார். விருதுநகர் என்றேன். அவருக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அவ்வளவுதான், அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்குத் தம்பி. மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவர். மகனோடு போய் இருக்கப்போகிறார், வீட்டைக் காலி செய்கிறார். "ஒரு வண்டி கெடக்கு தம்பி. காயலான்காரன் நூத்தம்பதுக்குக் கேக்கான். எடைக்குப் போட மனசு வரல. நீங்க வந்து பாத்துக்கிடுங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில், எலி கடித்த சீட்டோடு நின்றது. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு 1976 நவம்பர். சும்மா எடுத்துக்கிடுங்க என்றார். வங்கி அதிகாரி வாடிக்கையாளரிடம் சும்மா ஒரு பேனா வாங்கினாலே விளக்கம் எழுதணும். 4,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தேன். அவர் அதை எங்கள் கிளையிலேயே போட்டார்!

இந்த வண்டியின் பிறப்பு, கமர்ஸ் படித்தவனுக்கு ஒரு விருந்து. லாகூரில் 1944இல் ஹர் பிரசாத் நந்தாவும் அவர் சகோதரரும் தொடங்கிய ஏஜென்சி கம்பெனி எஸ்கார்ட்ஸ். பிரிவினையில் தில்லிக்கு வந்து, பக்கத்து ஃபரீதாபாதில் தொழிற்சாலை போட்டார்கள். டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தொழில்நுட்பம் எங்கிருந்து வாங்குவது? இங்கிலாந்து, ஜெர்மனி என்று போனால் பவுண்டும் டாலரும் கேட்பான். அந்நியச் செலாவணி கஜானாவில் கிடையாது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு ரூபாயிலேயே கணக்கு வைத்துக்கொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்கள் அப்போது இருந்தன. நம் ரூபாயை வாங்கி, நம் தேயிலையும் சணலும் வாங்கிக்கொள்வார்கள். எஸ்கார்ட்ஸ் டிராக்டருக்குப் போலந்தின் உர்சுஸ், மோட்டார் சைக்கிளுக்கும் போலந்து. அந்த நாட்டின் கியெல்ட்ஸே நகரில் செய்த எஸ்எச்எல் எம்11 என்ற 175 சிசி வண்டிதான் 1960களின் தொடக்கத்தில் இங்கே ராஜ்தூத் ஆனது. தொழில்நுட்பம் சிறந்தது என்பதற்காக மட்டும் வரவில்லை, கரன்சி ஒத்து வந்ததால் வந்தது என்பது என் கட்சி. எங்கள் ஃபாரெக்ஸ் டெஸ்க் ஆட்கள் ஒத்துக்கொள்வார்கள்.

முரட்டு வண்டி. ஒரே சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், மூன்று கியர். நிஜத்தில் 173 சிசி. ஹரியானா, உத்தரப்பிரதேசக் கிராமங்களில் இரண்டு பக்கமும் பால்கேன் கட்டிக்கொண்டு போகும் தூத்வாலாக்களின் வண்டி இதுதான். விளம்பரத்துக்குத் தர்மேந்திரா. நம்ம ஊரில் புல்லட்டும் ஜாவாவும் பிடித்த இடத்தை வடக்கே இது பிடித்தது.

அந்தப் பால்காரர் எஞ்சினை அப்படியே தூக்கி, குட்டி ஃபிரேமில் குட்டிச் சக்கரங்களோடு பொருத்தி, உயரமான ஹேண்டில் வைத்ததுதான் ஜிடிஎஸ். ஏன் செய்தார்கள்? லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் புது எஞ்சின் செய்யணும் என்றால் அனுமதி, இறக்குமதி, ஒப்பந்தம் என்று தலையால் தண்ணி குடிக்கணும். இருக்கிற எஞ்சினுக்கு வேறு உடுப்பு மாட்டினால் புது வண்டி ஆயிற்று. கணக்குப்பிள்ளை புத்தியில் எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். நம்ம பக்கத்து டிவிஎஸ் 50 வருவதற்கு 1980 ஆகவேண்டியிருந்தது. அதுவும் உழைப்பாளி வண்டி, இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் சுமக்கப் பிறந்தது. எழுபதுகளின் இந்தியாவில், பார்த்தவுடனே விளையாட்டுக்கு என்று தெரிகிற வண்டி இது ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது.

அதற்கு அதிர்ஷ்டம் சினிமாவில் வந்தது. மேரா நாம் ஜோக்கர் (1970) ஊற்றிக்கொண்டதில் ராஜ்கபூர் கடனில் மூழ்கியிருந்தார். மீண்டு வர எடுத்த இளசுகளின் படம்தான் 1973 பாபி. மகன் ரிஷிகபூர், புதுமுகம் டிம்பிள் கபாடியா. காதலர்கள் வீட்டை விட்டு ஓடுவது இந்தக் குட்டி ராஜ்தூத்தில். நாடு முழுக்கப் பிய்த்துக்கொண்டு ஓடிய படம். ஜிடிஎஸ் என்ற பேரை எல்லோரும் மறந்து, பாபி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். இதில் ஒரு குடும்ப ரகசியம், ரகசியமே இல்லை, ஊருக்கே தெரிந்ததுதான். ராஜ்கபூரின் மகள் ரிது, எஸ்கார்ட்ஸ் நந்தாவின் மகன் ராஜனின் மனைவி. சம்பந்தி கம்பெனி வண்டி!

இந்த எஸ்கார்ட்ஸ் பேரை நான் முதலில் கேட்டது வண்டியில் இல்லை, பி.காம் வகுப்பில். வெளிநாட்டு வாசகர்களுக்கு இதில் சம்பந்தம் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் நம் பங்குச்சந்தையில் பணம் போடலாம் என்று 1982இல் கதவு திறந்தார்கள். லண்டன் ஸ்வராஜ் பால் 1983இல் எஸ்கார்ட்ஸ் பங்குகளைப் பல கம்பெனிகளின் பேரில் வாங்கிக் குவித்தார். நந்தா, பங்குகளை இவர் பேரில் மாற்றித்தர மாட்டேன் என்று மல்லுக்கு நின்று கோர்ட்டுக்குப் போனார். பெரிய பங்குதாரரான எல்ஐசி, நிர்வாகக்குழுவிலிருந்து ஒன்பது பேரை நீக்கக் கூட்டம் கூட்டியது. உச்ச நீதிமன்றம் 1985 டிசம்பரில் எல்ஐசி பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி என்ற முகத்திரையை எப்போது விலக்கிப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு இன்றும் மாணவர்கள் உருப்போடும் வழக்கு. எங்கள் வாத்தியார் அதை ஒரு வாரம் நடத்தினார். கடைசியில் ஸ்வராஜ் பால் கம்பெனியைப் பிடிக்கவில்லை, அது வேறு கதை. கொசுறு: அதே ரிது நந்தா பிற்பாடு எல்ஐசி ஏஜெண்டாக ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் பாலிசி பிடித்துச் சாதனை படைத்தவர்.

சரி, அண்ணாச்சி எதற்காக பாபி வாங்கினார்? காதலா, டிம்பிளா? கேட்டேன். சிரித்தார். "படமாவது ஒண்ணாவது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிஞ்சுவச்சிட்டு வருசக்கணக்காக் காத்துக் கெடந்தேம். ஆபீசுல மோட்டார் சைக்கிள் அட்வான்ஸ் சாங்ஷன் ஆயிட்டு, ஒரு மாசத்துல வண்டி வாங்கி ரசீது காட்டணும். கையோட கெடச்சது இதுதாம்" என்றார். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போவாராம். பாபி வந்த அதே 1973இல் குடமுழுக்குக் கண்ட நம் சுவாமிநாதன் கோயில். குன்றின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினால், சாமி கும்பிட வந்த பிள்ளைகள் எல்லாம் முதலில் வண்டியைத்தான் சுற்றி வரும்.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1977 பிப்ரவரி 6. ஞாயிற்றுக்கிழமை. எமர்ஜென்சி தளர்ந்து தேர்தல் அறிவித்திருந்த நேரம். பாபு ஜகஜீவன் ராம் நாலு நாள் முன்னாடிதான் காங்கிரசை விட்டு வெளியேறியிருந்தார். அன்றைக்கு ராம்லீலா மைதானத்தில் அவரும் எதிர்க்கட்சித் தலைவர்களும் பேசுகிறார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று, தூர்தர்ஷனில் அன்றைய படத்தை மாற்றி பாபியைப் போட்டார்கள். திரையரங்கில் காசு கொடுத்துப் பார்த்த படம் வீட்டுக்குள் வருகிறது, யார் வெளியே போவார்கள் என்று கணக்கு. ஆனால் ஜனம் மைதானத்தில் குவிந்தது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்பு, பாபு பாபியை வென்றார் என்பதாக எதுகையோடு வந்து இன்றும் பேசப்படுகிறது.

அண்ணாச்சி எங்கே போனார், மைதானத்துக்கா டிவிக்கா? இரண்டுக்கும் இல்லை. நேதாஜி நகர் குவார்ட்டர்சில் அவர் பிளாக்கில் ஒரு வீட்டில் மட்டும் டிவி. அத்தனை பிள்ளைகளும் அங்கே. படத்தில் வண்டி வந்ததும் மொத்தக் கும்பலும் வெளியே ஓடிவந்து, வாசலில் நின்ற இவர் வண்டிமேல் ஏறிவிட்டது. ஒருவன் ஹாரன், ஒருவன் கிக்கர், நாலு பேர் சீட்டில். "ராத்திரி வரைக்கும் வண்டிக்கு காவல் காத்தேம் தம்பி. சர்க்கார் மாறுச்சு, அந்தப் படத்தை இன்னைக்கு வரைக்கும் நான் முழுசாப் பாக்கல" என்றார்.

இனி ரிப்பேர் புராணம். அக்கா மகன் கவனமாகப் படிக்கவும்.

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. கிக்கரில் ஏறி நின்றாலும் அசையவில்லை. வீட்டுப்பக்கத்து மெக்கானிக் ஒருவர், எஞ்சினையே மாற்றணும் என்று சொல்லி அட்வான்சும் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் இழுத்தடித்தார். அப்புறம் கரோல்பாக் நாய்வாலா சந்துகளில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வயதான சர்தார்ஜி. எல்லோரும் உஸ்தாத்ஜி என்கிறார்கள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேனேஜர் சாப், இது பால்காரன் எஞ்சின். சாகாது. தூங்கும்" என்றார்.

பிளக்கைக் கழற்றி, துளை வழியாக டீசல் ஊற்றி, ஒரு வாரம் ஊறப்போட்டார். எட்டாம் நாள் மரக்கட்டையால் இரண்டு தட்டு. பிஸ்டன் இறங்கியது! சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் புதுசு. டூ-ஸ்ட்ரோக்கில் கீழ் அறைதான் பம்ப்பு. அங்கே சீல் கசிந்தால் காற்றை உறிஞ்சி, எஞ்சின் தானாகக் கத்திக்கொண்டே போகும், ஆஃப் செய்தாலும் நிற்காது. சைலன்சருக்குள் முப்பது வருஷக் கரி. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துச் சுரண்டினால் ஒரு சட்டி கிடைத்தது. எஞ்சின் சாமான் எல்லாமே சாதா ராஜ்தூத்துக்கு உள்ளதுதான் என்பதால் மலிவாகக் கிடைத்தன. ஜிடிஎஸ்சுக்கு மட்டும் உரிய டேங்க், ஹேண்டில்தான் தங்கம். என் டேங்கில் துரு அரித்த ஊசித்துளை ஏழு. ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அடைத்தார். கணக்கு நோட்டில் இருக்கிறது: வண்டி 4,000, ரிப்பேர் 11,350, முதல் மெக்கானிக்கிடம் போன 1,500 வாராக்கடனாக எழுதித்தள்ளியாச்சு.

பாயிண்ட் வைக்கும் வேலையை நானே செய்கிறேன் என்று அடம்பிடித்தேன். அங்கேதான் வினை. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பொறி விழணும். நான் ரொம்பவே முன்னாடி வைத்துவிட்டேன். ஞாயிறு காலை, சத்ய மார்க்கில் ஆளரவம் இல்லை. கிக்கர் ஒருதரம் திருப்பி உதைத்தது, கணுக்காலில் மின்னல். ஆனால் எஞ்சின் பிடித்துக்கொண்டது! ஆனந்தத்தில் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போகிறது!

கனவில்லை மக்களே. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வால்வு கிடையாது. பிஸ்டனே ஜன்னல்களைத் திறந்து மூடும். அதற்கு முன் பின் தெரியாது. பொறி தப்பான நேரத்தில் விழுந்து கிராங்க் எதிர்ப்பக்கம் சுழன்றுவிட்டால், அது பாட்டுக்கு அந்தப் பக்கமே ஓடும். தூதரக வாசலில் நின்ற காவலர், "சாப், உங்க ராஜ்தூத் பின்னாடி போகுது" என்று சிரித்தார். தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்வது சாணக்யபுரிக்குப் புதுசா என்ன! உஸ்தாத்ஜியிடம் சொன்னபோது, பாயிண்ட் இடைவெளிக்கான ஃபீலர் கேஜை என் கையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெயர் மாற்றி, பதிவைப் புதுப்பித்து, 2013 குளிர்காலம் முதல் ஞாயிறுகளில் ஓட்டினேன். உஸ்தாத்ஜி சொன்னபடி லிட்டருக்கு 40 மில்லி ஆயில். தில்லியில் 1998 கடைசியிலிருந்தே தனியாக ஆயில் ஊற்ற விடமாட்டார்கள், பங்கிலேயே கலந்து தருவார்கள். ஓட்டுவது எப்படி இருக்கும்? குட்டிச் சக்கரத்துக்குச் சின்னப் பள்ளமும் கிணறு. வேகம் கூடினால் ஹேண்டில் லேசாக ஆடும். பின்னால் மகள் உட்கார்ந்தால் முன்சக்கரம் எடை இழந்து தூக்கப்பார்க்கும். அதனாலேயே மெதுவாக, வினய் மார்க்கிலிருந்து சாந்திபத், போலந்து தூதரக வாசல், ரயில் மியூசியம், திரும்ப வீடு. போலந்துக் கொடிக்கு முன்னால் ஒருதரம் ஹாரன் அடிப்பது வழக்கம். தாய்வீட்டு மரியாதை.

2014 நவம்பர் 26. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி தில்லிச் சாலையில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை அமலாக்கச் சொன்னது. என் வண்டிக்கு அப்போதே முப்பத்தெட்டு வயது. அன்றோடு நிறுத்தினேன்.

இதில் நான் கட்சி கட்ட விரும்பவில்லை. நண்பர்கள் "ஞாயிறு அரை மணி நேரம் ஓடுற ஒரு வண்டியா தில்லியைக் கெடுக்குது?" என்பார்கள். டூ-ஸ்ட்ரோக்கின் லட்சணம் எனக்குத் தெரியும். புதுக் கலவை உள்ளே வரும் அதே நேரம் புகை வெளியே போகும் வழியும் திறந்திருக்கும். கால் பங்கு வரை பெட்ரோல் எரியாமலே வெளியேறும், கூடவே ஆயில் புகை. என் மகளுக்கு நவம்பர் வந்தால் இழுப்பு. 2016 தீபாவளிக்கு அப்புறம் பள்ளிகளை மூடிய அந்த வாரம், நெபுலைசர் மாஸ்க்கை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெட்ஷீட்டுக்கு அடியிலிருந்து கசியும் பெட்ரோல் வாசனை அன்றைக்கு எனக்கு ஆகவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக டேங்கைக் காலி செய்தேன். அதற்கப்புறம் அதில் பெட்ரோல் ஊற்றவே இல்லை.

ஆனால் எடைக்குப் போடவும் இல்லை. 2023இல் தெருவில் நிற்கும் பழைய வண்டிகளைத் தூக்கிப்போக ஆரம்பித்தபோது, முன்சக்கரத்தைக் கழற்றி, லிஃப்டுக்குள் செங்குத்தாக நிறுத்தி, மூன்றாம் மாடி பால்கனிக்கு ஏற்றினேன். குட்டி வண்டியாக இருப்பதில் உள்ள ஒரே வசதி. வீட்டம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் வடகம் காயப்போட்ட தட்டை அதன் சீட்டின்மேல் வைத்தாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிக்கு தில்லி பங்குகளில் பெட்ரோலே கிடையாது என்று கேமரா வைத்தார்கள், சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் வைத்து உரிமையாளர்கள்மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், அந்தச் சலுகை பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிகளுக்குக் கிடையாது என்று திருத்தியது. பிஎஸ் என்ற எழுத்தே பிறக்காத காலத்து வண்டி என்னுடையது.

இப்போது விஷயம் என்னவென்றால், 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகி, ஃபிரேம், எஞ்சின் பெரிதாக மாறாமல் இருந்தால், "விஏ" எழுத்தோடு தனி நம்பர் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். வண்டி வாங்கின விலையும் ரிப்பேர் செலவும் கூட்டினால்கூட அந்த 20,000 வராது. பேலன்ஸ் ஷீட்டில் இது எந்தத் தலைப்பில் வரும் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த நவம்பரில் 50 முடிகிறது. ஊருக்கு ரயில் பார்சலில் அனுப்பிவிடு, அப்பா கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்கிறான் தம்பி. டேங்க் காலியாக இருக்கணும், சாக்கு சுற்றித் தைக்கணும், ஆர்.சி. நகல் வேணும். மூன்றும் தயார்தான். மகளிடம் கேட்டேன். இப்போது காலேஜ் போகிறாள். "விஏ நம்பர் வாங்குங்கப்பா. ஆனா இங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றாள். ஃபாரத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

எஸ்கார்ட்ஸ் மோட்டார் சைக்கிள் தொழில் 1990களின் நடுவில் யமஹாவோடு கூட்டாகி, 2001இல் முழுக்க யமஹா கைக்குப் போய்விட்டது. ராஜ்தூத் அதற்கப்புறம் சில வருஷத்தில் நின்றது. டிராக்டர் கம்பெனி 2022 முதல் எஸ்கார்ட்ஸ் குபோடா. உஸ்தாத்ஜி கடை இருந்த இடத்தில் இப்போது ஹெல்மெட்டும் எல்இடி விளக்கும் விற்கிறார்கள்.

அண்ணாச்சி மகனோடு பெங்களூரில் இருக்கிறார். இந்த வருஷம் 80. பென்ஷனில் 20% கூடும். சான்றிதழையும் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். போன ஞாயிறு வீடியோ காலில் இதைச் சொன்னேன். "என் சான்றிதழ் கெடக்கட்டும், அது உசுரோட இருக்கா? காட்டுங்க" என்றார். பெட்ஷீட்டை விலக்கி, போனை மகள் கையில் கொடுத்து, கிக்கரை மிதித்தேன். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் காற்றுச் சத்தம் மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

"என்ன தம்பி, பத்திக்கிடலையே?"

"பிளக்கைக் கழட்டி வச்சிருக்கேன் அண்ணாச்சி."

"எதுக்கு?"

மகள் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்காகத்தான் தாத்தா" என்றாள்.